ஆலை குடிக்கும் தண்ணீருக்குக் கணக்குக் கேட்போம்!

(பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களின் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட வகுப்பில் ஆற்றிய உரை)



இன்று நாம் தண்ணீரைப் பற்றிப் பேசப் போகிறோம். ஆலைக்குள் போகிற தண்ணீர், ஆலையை விட்டு வெளியே வருகிற தண்ணீர், இந்த இரண்டையும் பற்றித்தான் பேச்சு.

இங்கே கூடியிருப்பவர்களில் ஒரு பாதிப் பேர் யந்திரத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள். மறுபாதி களைக்கொத்தும் கரும்பு வெட்டும் கத்தியும் பிடிப்பவர்கள். ஆனால் விசாரித்துப் பார்த்தால் அநேகமாக எல்லோரும் ஒரே வீட்டுக்காரர்கள்! அண்ணன் சிமெண்ட் ஆலையில் ஒப்பந்தக் கூலி. தம்பி கரும்பு வெட்டுகிறான். தங்கை சின்ன வெங்காயம் நடப் போகிறாள். இரவில் மூவரும் குடிப்பது ஒரே குடத்துத் தண்ணீர்.

இருந்தும், ஓடையில் கழிவு வருகிறது என்று ஊரார் வாய் திறந்தால் என்ன நடக்கிறது? "தண்ணீர் வேண்டுமா, வேலை வேண்டுமா?" என்று ஒரு கேள்வியைத் தூக்கி நடுவில் போடுகிறார்கள். உடனே அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம்!

தோழர்களே, இந்தக் கேள்வியே மோசடிக் கேள்வி. வேலையும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். இரண்டும் கிடைக்க வழி இருக்கிறது. ஆலையில் யந்திரத்தைக் குளிர்விக்கும் தண்ணீரைச் சுத்தம் செய்து, அதே தண்ணீரைத் திரும்பத் திரும்ப வேலை வாங்கலாம். இது கனவல்ல, கணக்கு. அந்தக் கணக்கை இன்று நீங்கள் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

நமது பூமி

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இடையே மருதையாறு. மழை பெய்தால் ஓடும், பெய்யாவிட்டால் மணல். மற்றபடி ஏரியும் கிணறும்தான் நமக்கு ஆதாரம். பருத்தி, மக்காச்சோளம், கடலை, முந்திரி, வெங்காயம் என்று புன்செய்ப் பயிராகவே நாம் பெரும்பாலும் செய்வதற்கு இதுதான் காரணம்.

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்தப் பூமியில் கடல் கிடந்தது. அந்தக் கடலின் சிப்பியும் சேறும் இறுகித்தான் சுண்ணாம்புக்கல் ஆயிற்று. அந்தக் கல்லை நம்பித்தான் 1939-ல் பக்கத்து டால்மியாபுரத்தில் சிமெண்ட் ஆலை வந்தது. 1979-ல் அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை வந்தது. பிறகு தனியார் ஆலைகள் வரிசையாக வந்தன. பெரம்பலூர்ப் பக்கம் எறையூரில் பொதுத்துறைச் சர்க்கரை ஆலை இருக்கிறது. நாரணமங்கலத்தில் டயர் தொழிற்சாலை இருக்கிறது. ஆலைகள் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நமது ஜனங்களுக்கு வருஷம் முழுவதும் வேலை வேண்டும். ஆனால் தண்ணீர் குறைந்த பூமியில் ஆலை தண்ணீரை எப்படிச் செலவிடுகிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

யந்திரத்துக்கு ஏன் தண்ணீர்?

யந்திரம் ஓடினால் சூடேறும். சிமெண்ட் சூளையைத் தாங்கும் உருளைகளின் பேரிங்குகள், அரவை மில்லின் கியர் பெட்டிகள், காற்றழுத்தும் கம்ப்ரஸர்கள், இவை எல்லாவற்றையும் தண்ணீர் ஓடித்தான் குளிர்விக்கிறது. ஆலைக்குச் சொந்த மின்நிலையம் இருந்து, அதன் நீராவியையும் தண்ணீராலேயே குளிர்வித்தால், அதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய தண்ணீர்த் தின்னி.

இப்படிச் சூடான தண்ணீரை அப்படியே ஓடையில் விட்டால் என்ன கெட்டுப்போகும், வெறும் வெந்நீர்தானே என்று சிலர் கேட்கிறார்கள்.

மீனும் மூச்சு விடுகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைத்தான் அது இழுக்கிறது. 20 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் ஏழரை. 40 டிகிரியில் ஆறரைக்கும் கீழே போய்விடும். ஆகவே வெந்நீர் மட்டுமே ஓடையின் மூச்சைப் பிடிக்கும். போதாக்குறைக்கு அந்தத் தண்ணீரில் பேரிங்கிலிருந்து கசிந்த எண்ணெய் இருக்கும், உப்பு இருக்கும், பாசியும் கிருமியும் வளராமல் இருக்கப் போட்ட மருந்து இருக்கும். ஆகவேதான், ஓடைத் தண்ணீரின் சூட்டைவிட 5 டிகிரிக்கு மேல் சூடான கழிவை அதில் விடக் கூடாது. லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது என்று சர்க்காரின் பொதுவிதி கூறுகிறது.

மண்பானை சொல்லும் கணக்கு

சூடான தண்ணீரைத் திரும்பக் குளிர வைப்பது எப்படி? நமது வீட்டு மண்பானைக்கு அந்த வித்தை தெரியும். பானையின் மேல் கசிகிற ஈரம் ஆவியாகிறது. ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. சூடான காப்பியை டம்ளரிலிருந்து வட்டாவுக்கு ஆற்றுகிறோமே, அதுவும் இதே வேலைதான்.

ஆலையில் இதைப் பெரிய அளவில் செய்வதற்குத்தான் கூலிங் டவர். சூடான தண்ணீரை மேலேயிருந்து சிறு துளியாக விழவிட்டு, கீழேயிருந்து காற்றை ஏற்றுகிறார்கள். சர்க்கரை ஆலையில் குளத்தின் மேல் குழாய் வைத்துப் பீச்சுகிறார்களே, அந்த ஸ்பிரே பாண்டும் இதே தத்துவம்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போனால் சுமார் 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துச் செல்லும். ஒரு லிட்டர் தண்ணீரை 10 டிகிரி குளிர்விக்க 10 கிலோ கலோரியை நீக்கினால் போதும். ஆகவே ஒரு லிட்டர் ஆவியானால் 58 லிட்டர் தண்ணீர் 10 டிகிரி குளிரும். இன்னொரு விதமாகச் சொன்னால், 1000 லிட்டர் தண்ணீரைக் குளிர்வித்து மறுபடியும் யந்திரத்துக்கு அனுப்ப சுமார் 17 லிட்டர் ஆவியாகப் போனால் போதும்.

கவனியுங்கள். ஒரு தடவை ஓடவிட்டு வெளியே கொட்டுகிற ஆலைக்கு ஆயிரம் லிட்டர் புதுத் தண்ணீர் வேண்டும். சுற்றிச் சுற்றி ஓடவிடும் ஆலைக்கு ஆவியான 17 லிட்டரும், இன்னும் கொஞ்சமும் இருந்தால் போதும். அந்த "இன்னும் கொஞ்சம்" எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

பருப்பு வேகாத தண்ணீர்

ஆவியாகப் போவது சுத்தத் தண்ணீர் மட்டும். உப்பு பின்தங்கிவிடும். உப்பளத்தில் நடப்பது டவரிலும் நடக்கிறது. சுற்றச் சுற்ற உப்பு ஏறும்.

நமது பக்கத்துப் பல கிணறுகளில் என்ன தண்ணீர்? சோப்பு நுரைக்காது, பருப்பு சீக்கிரம் வேகாது என்று தாய்மார்கள் சொல்கிறீர்கள். கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்துத்தான் காரணம். வெந்நீர் அண்டாவின் உள்ளே வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ஆலைக் குழாய்க்குள்ளும் படிகிறது. படிந்தால் சூடு கடத்தாது, குழாய் அடைக்கும், யந்திரம் கெடும். ஆகவே உப்பு ஏறிய தண்ணீரில் கொஞ்சத்தை அவ்வப்போது வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீரைச் சேர்க்கிறார்கள். இதைத்தான் புளோ டவுன் என்று ஆலையில் சொல்கிறோம்.

உப்பு இரண்டு மடங்கு ஏறியதுமே வெளியேற்றினால், ஆவியான 17 லிட்டருக்கு 17 லிட்டர் கழிவு. புதுத் தண்ணீர் 34 லிட்டர் தேவை. தண்ணீரை நன்றாகச் சுத்தம் செய்து, ஐந்து மடங்கு வரை உப்பு ஏற விட்டால் கழிவு 4 லிட்டருக்குச் சற்று மேல். புதுத் தண்ணீர் 21 லிட்டர் போதும். சுத்தம் செய்வதில் காட்டும் அக்கறை எவ்வளவோ, அவ்வளவு தண்ணீர் நமது கிணற்றில் மிச்சம்!

சுத்தம் செய்வது மந்திர வேலையா? இல்லை. எண்ணெயை மிதக்கவிட்டு வழித்தெடுக்கும் தொட்டி முதல் படி. மணல் வடிகட்டி இரண்டாவது. சுண்ணாம்புச் சத்தைப் பிரிப்பது மூன்றாவது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நீற்றிய சுண்ணாம்பை அளவாகச் சேர்த்தால், தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு வீழ்படிவாகக் கீழே இறங்கிவிடும். சுண்ணாம்பைச் சுண்ணாம்பாலேயே எடுக்கலாம். சுண்ணாம்பு பூமியில் ஆலை நடத்துகிறவர்களுக்கு இது எட்டாத பொருளா? அதற்கும் மேலே, உப்பையே பிரித்தெடுக்கும் சவ்வு வடிகட்டிகளும் இன்று சாதாரணமாகிவிட்டன.

கடைசியில் மிஞ்சும் கொஞ்சம் உப்புத் தண்ணீரையும் வயலுக்கு விடக் கூடாது. எண்ணெய் நீக்கிய பிறகு, சிமெண்ட் ஆலையில் சூளையிலிருந்து வரும் சூடான புகைவாயுவைக் குளிர்விக்கத் தெளிப்பதற்கும், சுரங்கப் பாதையில் தூசியை அடக்குவதற்கும் அளவாகச் செலவிடலாம். ஆனால் கைவிட்ட சுண்ணாம்புக்கல் குழியில் கொட்ட மட்டும் அனுமதிக்கவே கூடாது. சுண்ணாம்புப் பாறை வெடிப்பும் பிளவும் உள்ள பாறை. குழியில் கொட்டியது ஊர்க் கிணற்றுக்கு வந்து சேர அதிக நாள் ஆகாது.

கரும்பு தன் தண்ணீரைத் தானே கொண்டுவருகிறது

சர்க்கரை ஆலைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். கரும்பில் நூற்றுக்கு எழுபது பங்கு தண்ணீர். ஒரு நாளில் 3000 டன் கரும்பு அரைக்கும் ஆலைக்குள், கரும்போடு 2100 டன் தண்ணீர், அதாவது 21 லட்சம் லிட்டர் வருகிறது. சக்கையோடும் மண்டியோடும் கழிவுப்பாகோடும் கொஞ்சம் வெளியே போகும். மிச்சம் சுமார் 15 லட்சம் லிட்டர், சாறு காய்ச்சும்போது ஆவியாக எழுகிறது. அந்த ஆவியைத் தண்ணீராக்கிப் பத்திரமாகப் பிடித்துவைத்தால் ஆலையின் பெரும்பகுதித் தேவை அதிலேயே தீர்ந்துவிடும்.

கடைசிக் கொதிகலத்திலிருந்தும் பேனிலிருந்தும் வரும் ஆவியை இழுத்து அடக்கத்தான் கண்டென்சரில் குளிர்ந்த தண்ணீர் விழுகிறது. ஒரு கிலோ ஆவியை அடக்க 50, 60 கிலோ தண்ணீர். மண்பானைக் கணக்கேதான், தலைகீழாக! ஆவி தண்ணீராகி இதோடு சேருவதால் ஸ்பிரே பாண்ட் நிரம்பி வழிகிறது. வழிகிற அந்தத் தண்ணீர் கரும்பு கொண்டுவந்த தண்ணீர். அதை ஓடையில் விட்டுவிட்டு, மறுபக்கம் போர்வெல்லில் புதுத் தண்ணீர் இறைப்பது என்ன நியாயம்?

இன்னொரு விஷயம். பேன் தாறுமாறாகக் கொதித்தால் ஆவியோடு சாற்றுத் துளியும் பறக்கும். அது கண்டென்சர் தண்ணீரில் கலந்து புளித்து நாறும். ஓடைக்குப் போனால் கிருமிகள் அதைத் தின்று பெருகி, தண்ணீரில் இருக்கும் பிராணவாயுவை எல்லாம் குடித்துவிடும். மீன் சாகும். இங்கே கெட்டுப்போவது தண்ணீர் மட்டுமா? சர்க்கரையும்தான் ஓடையில் போகிறது! தண்ணீரில் சர்க்கரை கலந்திருக்கிறதா என்று காட்டும் ஆல்பா நாஃப்தால் சோதனை சர்க்கரை ஆலைப் பரிசோதனைக்கூடம் அறிந்ததுதான். ஊதா வளையம் தெரிந்தால் துளி தடுக்கும் தட்டு பழுது, அல்லது அவசர உற்பத்தி. வேகமாக ஓட்டு, வேகமாக ஓட்டு என்று பேன் தொழிலாளியை விரட்டுகிறவர்தான் இதற்குப் பொறுப்பு, தொழிலாளியல்ல.

2016 ஜனவரியில் மத்திய சர்க்காரின் சுற்றுச்சூழல் அமைச்சகம் சர்க்கரை ஆலைகளுக்கு விதி ஒன்று வெளியிட்டது. அரைக்கும் ஒரு டன் கரும்புக்குச் சுத்தம் செய்த கழிவு 100 லிட்டர், ஸ்பிரே பாண்ட் அல்லது கூலிங் டவர் வழிவு 100 லிட்டர், இதற்கு மேல் வெளியே விடக் கூடாது. வெளியேறும் வழியும் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்கிறது அந்த விதி. 3000 டன் அரைத்த நாளில் மூன்று லட்சமும் மூன்று லட்சமும் ஆக ஆறு லட்சம் லிட்டர்தான் உச்சவரம்பு. எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் போடக்கூடிய பெருக்கல் இது.

"கட்டுப்படியாகாது" என்ற பல்லவி

இதற்கெல்லாம் பணம் ஏது, ஆலையை மூட வேண்டியதுதான் என்று சில நிர்வாகங்கள் பாடும் பல்லவி நமக்குத் தெரியும். இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன்.

ஒன்று சென்னை. 1990களிலேயே மணலிப் பக்கத்து எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் நகரத்துச் சாக்கடை நீரை வாங்கிச் சுத்தம் செய்து யந்திரத்துக்குப் பயன்படுத்தின. ஏன்? குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் வேறு வழியில்லை. 2019-ல் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா நாலரைக் கோடி லிட்டர் சாக்கடை நீரைச் சுத்தம் செய்து ஆலைகளுக்குத் தரும் நிலையங்கள் திறக்கப்பட்டன. சாக்கடை நீரே யந்திரத்தைக் குளிர்விக்க உதவுமானால், குடிநீர்க் கிணறு எதற்கு? பெரம்பலூர், அரியலூர் நகரங்களின் சாக்கடை நீரையும் இப்படிப் பயன்படுத்தலாமே!

மின்நிலையங்களுக்கும் 2015 டிசம்பரில் விதி வந்தது. ஒரு தடவை ஓடவிட்டுக் கொட்டும் பழைய முறையை விட்டு, ஆற்றுத் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் எடுக்கும் அனல் மின்நிலையங்கள் கூலிங் டவர் கட்ட வேண்டும் என்றது அது. நீராவியைத் தண்ணீர் இல்லாமல் காற்றாலேயே குளிர்விக்கும் முறையும் இந்தியாவில் பல சிமெண்ட் ஆலைகளின் மின்நிலையங்களில் நடப்பில் இருக்கிறது.

இரண்டாவது உதாரணம் திருப்பூர். சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாயிற்று. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். சுத்தம் செய்யுங்கள் என்று கோர்ட்டு பல தடவை கெடு கொடுத்தது. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே அடியாக நின்றன. விவசாயி நிலத்தை இழந்திருந்தான். இப்போது தொழிலாளி வேலையை இழந்தான். பிறகு கழிவு ஒரு சொட்டும் வெளியே போகாமல் சுத்தம் செய்து, தண்ணீரை மறுபடி பயன்படுத்தும் ஏற்பாடுகளோடுதான் பட்டறைகள் திரும்ப ஓடத் தொடங்கின. அப்போது கட்டுப்படியானது முன்பே கட்டுப்படியாகாதா?

திருப்பூர் நமக்குச் சொல்லும் பாடம் என்ன? தண்ணீரைச் சுத்தம் செய்வதால் ஆலை மூடப்படுவதில்லை. சுத்தம் செய்யாமல் காலம் கடத்தியதால்தான் மூடப்பட்டது. ஆகவே ஓடையைக் காக்கிறவன் ஆலைத் தொழிலாளியின் விரோதியல்ல. அவனது வேலையைக் காக்கும் கூட்டாளி.

தொழிலாளியின் உடம்பும் கணக்கில் சேர வேண்டும்

சுத்திகரிப்பு வருகிறது என்றால் அந்த வேலையைச் செய்வதும் நாம்தான். பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளி. குளோரின், அமிலம் என்று கையாள வேண்டும். டவர்த் தொட்டியில் இறங்கிச் சேறு வார வேண்டும். 1976-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்பியா நகரில் ஒரு விடுதியில் கூடியவர்களிடையே கொடிய நுரையீரல் காய்ச்சல் பரவிப் பலர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அதன் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. வெதுவெதுப்பான, பராமரிப்பில்லாத கூலிங் டவர்த் தண்ணீரில் அந்தக் கிருமி செழித்து வளரும். பறக்கும் நுண்துளி வழியாக மூச்சில் ஏறும். எனவே கையுறை, காலணி, முகமூடி, வைத்தியப் பரிசோதனை இல்லாமல் டவர் சுத்தம் செய்யச் சொன்னால் மறுக்க வேண்டும். மூடிய தொட்டிக்குள் காற்றைச் சோதிக்காமல் ஒருவரும் இறங்கக் கூடாது. தண்ணீரைக் காக்கிறோம் என்று சொல்லித் தொழிலாளியைப் பலி கொடுக்கக் கூடாது.

என்ன செய்ய வேண்டும்?

1974-ல் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. 1982-ல் தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியம் அமைந்தது. கழிவு வெளியேற்றும் ஒவ்வோர் ஆலைக்கும் வாரியம் இசைவாணை தருகிறது. நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் கழிவு விடலாம், அதை எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி அதன் நகலை யாரும் கேட்டு வாங்கலாம்.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை:

1. ஆலைக்குள் வரும் புதுத் தண்ணீருக்கும் வெளியே போகும் கழிவுக்கும் மீட்டர் வேண்டும். தினசரி அளவை வாசலில் தமிழில் எழுதிப் போட வேண்டும்.

2. குளிர்விக்கும் தண்ணீர் சுற்றி ஓட வேண்டும். ஒரு தடவை ஓடவிட்டு வெளியே கொட்டும் முறை ஒழிய வேண்டும்.

3. கழிவின் சூடு, எண்ணெய், உப்பு ஆகியவற்றைச் சோதிக்கும்போது தொழிலாளர் பிரதிநிதியும் கிராமப் பிரதிநிதியும் உடனிருக்க வேண்டும்.

4. கைவிட்ட சுரங்கக் குழிகளில் கழிவு கொட்டக் கூடாது.

5. சுத்திகரிப்புச் செலவை நிர்வாகமே ஏற்க வேண்டும். அதைக் காட்டிக் கூலியிலோ போனஸிலோ கை வைக்கக் கூடாது.

இந்தக் கோரிக்கைகளை ஆலைத் தோழர்கள் தொழிற்சங்கக் கூட்டத்தில் எழுப்புங்கள். கிராமத் தோழர்கள் கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். இரண்டு தீர்மானங்களும் ஒரே வாசகத்தில், ஒரே வாரத்தில் கலெக்டர் மேஜைக்குப் போகட்டும். ஆலைக்குள் எந்த வால்வு எந்த வாய்க்காலுக்குத் திறக்கிறது என்பது உள்ளே வேலை செய்பவனுக்குத் தெரியும். அந்த வாய்க்காலில் என்றைக்கு நுரை வந்தது, என்றைக்கு மாடு தண்ணீர் குடிக்க மறுத்தது என்பது வெளியே நிற்பவளுக்குத் தெரியும். இந்த இரண்டு அறிவும் ஒன்று சேர்ந்தால் எந்த நிர்வாகமும் பொய்க் கணக்குக் காட்ட முடியாது.

நாளைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் ஆலையில் தினம் எத்தனை டன் உற்பத்தி, எத்தனை லிட்டர் புதுத் தண்ணீர், எத்தனை லிட்டர் கழிவு என்ற மூன்று எண்களை விசாரித்து எழுதி வாருங்கள். அடுத்த வகுப்பில் அந்த எண்களைக் கரும்பலகையில் போட்டுத்தான் பேச்சைத் தொடங்குவோம்.